குரூப்புக்குள்ள ஒரு வலை: ரெப்ரசென்டேஷனை முடிச்சும் நூலுமா வரைஞ்சு பழகுறது

போன வாரம் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளை நோட்டைத் தூக்கிட்டு வந்துச்சு, எம்எஸ்சி மேக்ஸ் முதல் வருஷம், ராம்நாட்டுல படிக்குது. "யக்கா, குரூப்புக்கெல்லாம் கிராஃப் வரையிறாங்களாமே, எக்ஸ் ஒய் போட்டு கோடு இழுப்போமே அந்த கிராஃபா"ன்னு கேட்டுச்சு. அது இல்ல பிள்ளைன்னு சொல்லிட்டு வாசலைக் காமிச்சேன், அப்பா வலையை விரிச்சுப் போட்டு கிழிஞ்ச எடத்தைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தாக. அந்தா இருக்கு பாரு, முடிச்சு, முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவுல நூல், அவ்ளோதான் கிராஃப். வலையைச் சுருட்டி மூலையில போட்டாலும் மண்ணுல விரிச்சாலும் எந்த முடிச்சு எந்த முடிச்சோட சேர்ந்திருக்குங்கிறது மாறாதுல்ல, அது ஒண்ணுதான் நமக்கு வேணும், நீளம் கோணம் எதுவும் கணக்குல வராது. தமிழ்ல கோட்டுருன்னு சொல்றாங்க, நான் கிராஃப்னே எழுதுறேன். குரூப்பை குலம்னு பழைய பன்னெண்டாவது புக்குல படிச்சிருப்பீங்க, அதையும் குரூப்னே வச்சுக்கலாம்.

அன்னைக்கு அதுகிட்ட சொன்னதைத்தான் கொஞ்சம் விரிச்சு எழுதுறேன், ஏன்னா இந்த விஷயத்தை நான் படிக்கும்போது டெஃபனிஷன்ல தொடங்கி டெஃபனிஷன்லயே முடிச்சுட்டாங்க, கையில வரைஞ்சு பாத்த பிறகுதான் எனக்கு ருசியே தெரிஞ்சுச்சு.

ஒரு வள்ளத்துல மூணு பேரு போறாங்கன்னு வைங்க. வள்ளத்துக்கு, வலைக்குன்னு பங்கு எடுத்தது போக ஒருத்தருக்கு 700, இன்னொருத்தருக்கு 500, மூணாவது ஆளுக்கு 300 ரூவா வந்துச்சு. இப்ப நாம பண்ணப்போறது ஒண்ணே ஒண்ணு, அந்த மூணு பேரையும் இடம் மாத்தி மாத்தி உக்கார வைக்கிறது. எத்தனை விதமா மாத்தலாம்? 6. ஒண்ணும் பண்ணாம அப்படியே விடுறது 1, ரெண்டு பேரை மட்டும் மாத்துறது 3, மூணு பேரையும் வட்டமா நகத்துறது 2. இந்த 6 மாத்தத்தையும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா செஞ்சா மறுபடி இந்த 6-க்குள்ளயே ஒண்ணு வரும், எதைச் செஞ்சாலும் திருப்பிப் போட்டு பழையபடி ஆக்கலாம், அதுதான் குரூப். இதுக்குப் பேரு எஸ்-3.

ரெப்ரசென்டேஷன்னா என்னன்னா அந்த மாத்தம் எண்கள் மேல என்ன வேலை செய்யுதுங்கிறதுதான். 700, 500, 300-ஐ இப்படிப் பிரிச்சுப் பாருங்க: சராசரி 500, அதுக்கு மேல கீழ எவ்ளோன்னா +200, 0, -200. ஆளுங்களை எப்படி மாத்துனாலும் சராசரி 500 அசையாது. அந்தக் கூடக்கொறச்சல் இருக்கே, +200, 0, -200, அது இடம் மாறும், ஆனா எப்படி மாறுனாலும் கூட்டுனா 0-தான் வரும், ஒருநாளும் சராசரியோட கலக்காது. ஆக மூணு எண்ணு இருந்த கணக்கு தானா ரெண்டு துண்டா விழுது: அசையாத துண்டு ஒண்ணு, அதுக்கு ஒரு எண்ணு போதும், அதாவது அளவு 1. கூடக்கொறச்சல் துண்டு இன்னொண்ணு, அதுக்கு ரெண்டு எண்ணு போதும், மூணாவது தானா வந்துரும், கூட்டுனா 0 ஆகணுமே, அதனால அளவு 2. அந்த ரெண்டாவது துண்டை இதுக்கு மேல உடைக்க முடியாது. இப்படி உடைக்க முடியாத துண்டுங்களைத்தான் இர்ரெட்யூசிபிள்னு சொல்றாங்க. முதல் துண்டுக்கு "சும்மா"ன்னும் ரெண்டாவதுக்கு "வித்தியாசம்"னும் நானா பேரு வச்சுக்கிறேன்.

இன்னொரு துண்டு ஒளிஞ்சிருக்கு. ரெண்டு பேரை மட்டும் மாத்துனா -1, வட்டமா நகத்துனா +1, அப்படியே விட்டா +1, இப்படி ஒரே ஒரு எண்ணை வச்சு மட்டும் கணக்குப் பாக்குறது, அது "குறி". மொத்தம் மூணு: அளவு 1, 1, 2. ஒவ்வொண்ணையும் வர்க்கம் பண்ணிக் கூட்டுங்க, 1 + 1 + 4 = 6, குரூப்போட சைஸ். இது எல்லா ஃபைனைட் குரூப்புக்கும் வரும் (காம்ப்ளெக்ஸ் எண் வச்சு வேலை செய்யும்போது), அதனால துண்டு ஏதாவது விட்டுப்போச்சான்னு பாக்க இதை விட லேசான வழி இல்ல.

இப்ப ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அடையாள எண் வரிசை வேணும், அதை கேரக்டர்ங்கிறாங்க. 1896-ல ஃப்ரோபீனியஸ்ங்கிற ஜெர்மன் கணக்கு மேதை இதைக் கண்டுபிடிச்சாரு, டெடிகிண்ட்ங்கிற இன்னொரு கணக்கு மேதையோட நடந்த கடிதப் போக்குவரத்துல இருந்து கிளம்புன விஷயம். வித்தியாசத்தோட கேரக்டரை இப்படி எடுக்கலாம்: மாத்தத்துல எத்தனை பேரு அசையாம உக்காந்திருக்காங்களோ அதுல 1 கழிச்சுருங்க, அந்த 1 சராசரிக்குப் போகுது. அப்படியே விட்டா 3 - 1 = 2. ரெண்டு பேரை மாத்துனா ஒருத்தர் மட்டும் அசையல, 1 - 1 = 0. வட்டமா நகத்துனா யாருமே இல்ல, 0 - 1 = -1. ஆக மொத்த டேபிள் இதுதான், வரிசை "அப்படியே, ரெண்டு பேரு, வட்டம்":

சும்மா: 1, 1, 1
குறி: 1, -1, 1
வித்தியாசம்: 2, 0, -1

இதை ஒரு தாள்ல எழுதி வச்சுக்கோங்க, கீழ திரும்பத் திரும்ப வேணும்.

இப்ப வலை பின்னலாம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முடிச்சு, மூணு முடிச்சு. ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து அதை நூல்கண்டா வச்சுக்கணும், நான் வித்தியாசத்தை எடுக்குறேன். ஒரு முடிச்சை நூல்கண்டோட பெருக்கணும் (டென்சர் ப்ராடக்ட்னு சொல்வாங்க, கேரக்டர் கணக்குல அது வெறும் பெருக்கல்தான்), வந்த விடை எந்தெந்த துண்டோட கூட்டுன்னு பாக்கணும், அந்தந்த முடிச்சுக்கு நூல் இழுக்கணும். சும்மா × வித்தியாசம் = 2, 0, -1, அது வித்தியாசமேதான், ஒரு நூல். குறி × வித்தியாசம்? 2, 0, -1, அதுவும் வித்தியாசம், இன்னொரு நூல். வித்தியாசம் × வித்தியாசம் = 4, 0, 1. இதை எப்படிப் பிரிக்கிறதுன்னு டேபிளைப் பாருங்க, மூணு வரியையும் அப்படியே மேலிருந்து கீழ கூட்டுனா 1+1+2 = 4, 1-1+0 = 0, 1+1-1 = 1, சரியா வந்துருச்சு. அதாவது மூணும் ஒவ்வொண்ணு இருக்கு. அதனால வித்தியாசத்துல இருந்து சும்மாவுக்கு ஒரு நூல், குறிக்கு ஒரு நூல், தனக்குத்தானே ஒரு சுருக்கு.

சும்மா — வித்தியாசம் (சுருக்கோட) — குறி

இதுதான் மெக்கே கிராஃப். பிள்ளை இதைப் பாத்துட்டு "இவ்ளோதானா"ன்னுச்சு, இவ்ளோதான், ஆனா இதுக்குள்ள என்ன இருக்குன்னு பாரு.

இந்த வலையை ஒரு மேட்ரிக்ஸா எழுதுங்க, எந்த முடிச்சுக்கும் எந்த முடிச்சுக்கும் நூல் இருக்கோ அங்க 1, இல்லாட்டி 0. முடிச்சு வரிசை சும்மா, குறி, வித்தியாசம்னா வரிகள் 0 0 1, 0 0 1, 1 1 1. இதோட ஐகன்வேல்யூ கண்டுபிடிங்க (மேட்ரிக்ஸ் ஒரு எண் வரிசையை வெறும் ஒரு எண்ணால பெருக்குன மாதிரி மட்டும் ஆக்குனா அந்த எண்ணு ஐகன்வேல்யூ, அந்த வரிசை ஐகன்வெக்டர்), 2, 0, -1 வரும். எங்கயோ பாத்த எண்ணு மாதிரி இருக்குல்ல? வித்தியாசத்தோட கேரக்டர் வரிதான் அது. சரி, ஐகன்வெக்டர் என்னன்னு பாருங்க: (1, 1, 2), (1, -1, 0), (1, 1, -1), அப்படியே டேபிளோட மூணு நெட்டு வரிசை! எனக்கு இதை முதல்ல கையால போட்டுப் பாத்த அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல, நூல் எங்க போகுதுன்னு மட்டும் சொல்ற ஒரு வலைக்குள்ள அந்த டேபிள் எப்படி வந்து உக்காந்துச்சுன்னு. இது எஸ்-3-க்கு மட்டும் இல்ல, எந்த ஃபைனைட் குரூப்பை எடுத்தாலும் எந்த ரெப்ரசென்டேஷனை நூல்கண்டா வச்சாலும் வரும். காரணமும் ஒளிவு மறைவு இல்லாதது, பெருக்கிப் பிரிச்சதைத்தானே மேட்ரிக்ஸா எழுதுனோம், அதனால ஒவ்வொரு நெட்டு வரிசையிலயும் அந்தப் பெருக்கல் வெறும் எண்ணால பெருக்குறதா ஆயிருது.

நூல்கண்டை மாத்துனா வலை மாறும், இதை விட்டுறாதீங்க. வித்தியாசத்துக்குப் பதிலா குறியை எடுங்க. சும்மா × குறி = குறி, குறி × குறி = சும்மா, வித்தியாசம் × குறி = வித்தியாசம். சும்மாவும் குறியும் ஒரு நூல்ல சேர்ந்துருச்சு, வித்தியாசம் தனியா தன் மேலயே ஒரு சுருக்கைப் போட்டுக்கிட்டு நிக்குது. வலை ரெண்டு துண்டு, நம்ம மன்னார் வளைகுடாத் தீவு மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம. ஏன் ரெண்டு? குறிக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல், வட்டமா நகத்துறதுக்கும் ஒண்ணும் பண்ணாம விடுறதுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது, ரெண்டுக்கும் +1-தான் சொல்லுது. இப்படி "ஒண்ணுமே நடக்காத மாதிரி" தெரியிற மாத்த வகை எத்தனையோ அத்தனை தீவு, இங்க அப்படியே விடுறது ஒரு வகை, வட்டம் ஒரு வகை, மொத்தம் 2. நூல்கண்டு எல்லா மாத்தத்தையும் பிரிச்சு அறியுதுன்னா (ஃபெய்த்ஃபுல்னு சொல்றது அதைத்தான்) வலை ஒரே துண்டா இருக்கும், எந்த முடிச்சைப் பிடிச்சுத் தூக்குனாலும் மொத்த வலையும் கூடவே வரும்.

ஒரு சின்ன விஷயம், எப்பவும் ரெண்டு பக்கமும் போற நூலா இருக்காது. மூணு பேரை வட்டமா நகத்துறது மட்டும்தான் உண்டுன்னு வச்சா அந்தக் குரூப்புல காம்ப்ளெக்ஸ் எண்ணு வந்துரும், அப்ப நூலுக்குப் பதிலா அம்புக்குறி போடணும், மூணு முடிச்சும் ஒரே திசையில சுத்தி வரும். கேரக்டர்ல காம்ப்ளெக்ஸ் எண்ணு வராத நூல்கண்டா இருந்தா சாதாரண நூல் போதும்.

அடுத்து சதுரம். வீட்டுல பனை ஓலைத் தடுக்கு இருந்தா எடுத்துக்கோங்க, சாயல்குடிப் பக்கம் பனை மரத்துக்கா பஞ்சம், இல்லாட்டி ஒரு சதுர அட்டை வெட்டிக்கலாம். தரையில அது இருந்த எடத்துலயே சரியாப் பொருந்துற மாதிரி எத்தனை விதமாத் திருப்பி வைக்கலாம்? சுத்துறது 4 (அப்படியே விடுறதும் சேத்து), கவுத்துப் போடுறது 4, மொத்தம் 8. இதோட துண்டுங்க 1, 1, 1, 1, 2, வர்க்கம் கூட்டுனா 4 + 4 = 8, சரி. அந்த 2 அளவுள்ள துண்டோட கேரக்டர் 2, -2, 0, 0, 0 (வரிசை: அப்படியே, பாதிச் சுத்து, அப்புறம் மத்த மூணு வகை). தன்னோடயே பெருக்குனா 4, 4, 0, 0, 0, அது நாலு ஒத்தை அளவுத் துண்டோட கூட்டு, சுருக்கு கிடையாது. வரைஞ்சா நடுவுல ஒரு முடிச்சு, சுத்தி நாலு முடிச்சு, நாலு கையுள்ள நட்சத்திர மீன் மாதிரி.

இப்ப இன்னொரு 8. டப்ளின்ல 1843 அக்டோபர் 16-ஆம் தேதி ஹாமில்டன்ங்கிற கணக்கு மேதை ஒரு கால்வாய்ப் பாலத்துல நடந்து போகும்போது குவாட்டர்னியன் (காம்ப்ளெக்ஸ் எண்ணை இன்னும் விரிச்ச நாலு பகுதி எண்ணு) தோணி அந்தப் பாலத்துக் கல்லுலயே சூத்திரத்தைக் கீறி வச்சாரு. அதுல வர்ற 1, ஐ, ஜே, கே, அதோட மைனஸ் நாலும் சேத்து 8 எண்ணு, இதுவும் ஒரு குரூப். இதோட துண்டும் 1, 1, 1, 1, 2. வலை பின்னிப் பாத்தா அதே நாலு கை நட்சத்திர மீன். கேரக்டர் டேபிளே எண்ணுக்கு எண்ணு ஒண்ணுதான்! ஆனா குரூப் ரெண்டும் வேற. தடுக்குல ரெண்டு தடவை செஞ்சா பழையபடி ஆகுற அசைவு 5 இருக்கு, பாதிச் சுத்து ஒண்ணு, கவுத்துப் போடுறது நாலு. ஹாமில்டனோட 8-ல அப்படி இருக்குறது -1 மட்டும்தான். பிள்ளை ரொம்ப நேரம் இதுலயே நின்னுச்சு, "அப்ப வலையைப் பாத்து குரூப்பைச் சொல்ல முடியாதாக்கா"ன்னு. முழுசா முடியாது, வலையை மட்டும் பாத்து எந்த வள்ளத்து வலைன்னு எப்பவும் சொல்லிர முடியுமா, ஆனா நிறையச் சொல்லும்.

இனிமே வர்றதுதான் இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது. நட்சத்திர மீன்ல ஒவ்வொரு முடிச்சுலயும் அதோட அளவை எழுதுங்க, நடுவுல 2, கையில எல்லாம் 1. எந்த முடிச்சை எடுத்தாலும் அதோட ரெட்டிப்பு = பக்கத்து முடிச்சுங்களோட கூட்டுத்தொகை. நடுவுல 2 × 2 = 1+1+1+1. கையில 2 × 1 = 2. நூல்கண்டோட அளவு 2-ங்கிறதால இந்த ரெட்டிப்பு விதி வருது, அளவு 3-னா மூணு மடங்கு வரும், எஸ்-3 வலையிலயும் சுருக்கை ஒரு தடவை எண்ணுனா இது சரியா வரும் பாருங்க. சரி, இப்ப குரூப்பை எல்லாம் மறந்துருங்க. சுருக்கே இல்லாத, ஒரே துண்டான வலை ஒண்ணு வேணும், முடிச்சுல 1, 2, 3-ன்னு முழு எண்ணு எழுதணும், எல்லா முடிச்சுலயும் ரெட்டிப்பு விதி நடக்கணும். எத்தனை வலை தேறும்? நிறைய வரும்னுதான் தோணும். வளையம் ஒரு வகை (எல்லா முடிச்சுலயும் 1), ரெண்டு முனையும் ரெண்டு ரெண்டாப் பிரியிற நீளக் கயிறு ஒரு வகை (நம்ம நட்சத்திர மீன் அதுல சின்னது), அது போக மூணே மூணு வலை. அவ்ளோதான், நாலாவது கிடையாது.

அந்த மூணுல பெரியது இது:

1 — 2 — 3 — 4 — 5 — 6 — 4 — 2

இதுல 6-ல இருந்து கீழ ஒரு நூல் எறங்கி 3-ல முடியும். சரிபாருங்க, 6-க்குப் பக்கத்துல 5, 4, 3, கூட்டுனா 12. அந்த 3-க்குப் பக்கத்துல 6 மட்டும். மத்ததையும் நீங்களே பாத்துக்கோங்க. இப்ப ஒன்பது எண்ணையும் வர்க்கம் பண்ணிக் கூட்டுனா 1+4+9+16+25+36+16+4+9 = 120. நிஜமாவே 120 உறுப்புள்ள ஒரு குரூப் இருக்கு, இருபது முக்கோண முகமுள்ள ஐகோசஹீட்ரன் உருவத்தை அதே எடத்துல சுத்தி வைக்கிற 60 விதத்துல இருந்து ரெட்டிப்பா எடுக்குறது, அதோட துண்டுங்க அளவு அச்சு அசலா இந்த ஒன்பது எண்ணு, அதோட வலை அச்சு அசலா இந்த வலை. மத்த ரெண்டு வலையும் நாலு முக்கோண முகமுள்ள டெட்ரஹீட்ரன்ல இருந்து வர்ற 24-க்கும் கனசதுரத்துல இருந்து வர்ற 48-க்கும் உரியது. 1980-ல ஜான் மெக்கே வெளியிட்ட விஷயம் இது. இந்த மூணும் லீ அல்ஜீப்ரா (விட்டு விட்டு இல்லாம தொடர்ச்சியா நடக்குற மாத்தங்களைப் படிக்கிற கணக்கு) வகைப்பாட்டுல இ-6, இ-7, இ-8-ன்னு வேற வழியா முன்னாடியே வந்து உக்காந்திருந்த படங்களோட (ஒரு முடிச்சு கூடுதலா சேத்தது) ஒத்துப்போகுது, அங்க இந்தச் சுத்துற உருவத்துக்கெல்லாம் எடமே கிடையாது. கையில பென்சில் வச்சிருக்குற யாரும் அந்த 120-ஐ அஞ்சு நிமிஷத்துல சரிபாத்துரலாம், இதுக்காகவே பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குக் கூட இதைப் புதிர்க் கணக்கா குடுக்கணும்னு நான் நினைக்கிறேன்.

வேற மாதிரியும் வலை பின்னுவாங்க. நம்ம வள்ளத்துல மூணு பேரோட நாலாவது ஆளு ஏறுனா துண்டுங்க எப்படி மாறும்னு பாக்குறது ஒண்ணு, எஸ்-3 துண்டு மேல, எஸ்-4 துண்டு கீழ, எது எதுக்குள்ள இருக்கோ அதுக்கு நூல். ஒரே ஆளுல ஆரம்பிச்சு மேல இருந்து ஒரு முடிச்சுக்கு எத்தனை வழியில எறங்கி வரலாமோ அதுதான் அதோட அளவு, எஸ்-4-க்கு 1, 3, 2, 3, 1 வரும், வர்க்கக் கூட்டு 24. ஆல்ஃபிரெட் யங் என்கிற பாதிரியார் பேரால வழங்குற கட்டப் படங்களை வச்சு இதை வரைவாங்க, அது தனியா ஒரு நாள் எழுதுற அளவுக்குப் பெரிய விஷயம்.

இன்னொண்ணுல முடிச்சே வேற. துண்டுங்களோட அளவை மட்டும் எடுத்து, அதை வகுக்குற பகா எண்ணு ஒவ்வொண்ணுக்கும் ஒரு முடிச்சு, ரெண்டு பகா எண்ணு சேந்து ஒரே அளவை வகுத்தா நூல். அந்த 60 சுத்து இருக்கே, ரெட்டிப்பு பண்றதுக்கு முன்னாடி, அதோட அளவு 1, 3, 3, 4, 5. பகா எண்ணு 2, 3, 5. 6-ஆல வகுபடுற அளவு எதுவும் இல்ல, 10-ஆலயும் இல்ல, 15-ஆலயும் இல்ல, அதனால ஒரு நூல் கூட விழாது, மூணு தனித்தீவு. 1998-ல ஹங்கேரிக்காரர் பால்ஃபி வெளியிட்ட தேற்றம் ஒண்ணு இருக்கு: சால்வபிள் குரூப்னா, அதாவது படிப்படியா உரிச்சு ஒவ்வொரு படியிலயும் வரிசை மாத்திப் பெருக்குனாலும் விடை மாறாத எளிய குரூப்பா எறக்க முடியிறது, அதோட வலையில எந்த மூணு முடிச்சை எடுத்தாலும் அதுல குறைஞ்சது ரெண்டு முடிச்சு நூலால சேந்திருக்கும். நம்மகிட்ட மூணும் தனித்தனி. அப்ப இந்த 60 சால்வபிள் இல்ல, குரூப்பைத் தொடாமலே அஞ்சு எண்ணை வச்சுச் சொல்லியாச்சு. பிள்ளை உடனே 120-க்கும் போட்டுப் பாத்துச்சு, அங்க 6 இருக்குறதால 2-க்கும் 3-க்கும் நடுவுல நூல் விழுந்துருச்சு, "அப்ப அது சால்வபிளாக்கா"ன்னு கேட்டுச்சு. இல்ல, அதுவும் சால்வபிள் இல்லதான், தேற்றம் ஒரு பக்கமாத்தான் பேசுது, நூல் இருந்தா தேற்றம் வாயைத் திறக்காது. 120-ஐ ரெண்டு ரெண்டு உறுப்பா ஒண்ணாச் சேத்துப் பாத்தா அந்த 60 வர்றதாலதான் 120-ம் உரியாதுன்னு வேற வழியில காட்டணும், அதை நாளைக்கு எழுதிட்டு வாரேன்னு நோட்டை மூடிட்டு எந்திரிச்சுப் போச்சு, அதுக்குள்ள அப்பாவும் வலையைச் சுருட்டி வச்சுட்டாக.